முதுகில் 7: ஹைபரியின் கடைசி சீசன் ஜெர்சி, மறுபதிப்பு

இந்த ஜெர்சி முதன்முதலில் வந்தபோது எனக்குப் பிடிக்கவே இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2005-06 சீசன், நான் எட்டாம் வகுப்பு. லண்டன் கால்பந்து கிளப்பான ஆர்சனல் என்றால் சிவப்பு உடம்பு, வெள்ளைக் கை. திடீரென்று ஒருநாள் டிவியில் என் ஆட்கள் மெரூனுக்குப் பக்கத்தில் வரும் ஏதோ ஒரு அடர் நிறத்தில், வெள்ளைக் கையும் இல்லாமல், தங்க எழுத்து மினுங்க மைதானத்தில் இறங்கினால் எப்படி இருக்கும்? பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் வீட்டுக்கு வேறு பெயிண்ட் அடித்திருந்த மாதிரி இருந்தது. அந்த ஜெர்சியின் மறுபதிப்பைத்தான் இப்போது தேடிப் பிடித்து வாங்கி, ஒருமுறை திருப்பி அனுப்பி, மறுபடி வரவழைத்து, நாலு தடவை துவைத்தும் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

விற்ற கடையின் பெயரையும் தைத்தவர்களின் பெயரையும் எழுதப்போவதில்லை. குறை சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது, கடைசியில் அவர்கள் அதைச் சரிசெய்தும் கொடுத்துவிட்டார்கள், அதனால் விட்டுவிடலாம். இதே மாதிரி மறுபதிப்பு வாங்க நினைப்பவர்கள் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதுதான் உபயோகமான விஷயம்.

முதலில் நிறம். ஆர்சனல் ஹைபரி மைதானத்துக்குக் குடிபோனது 1913இல். அங்கே ஆடிய கடைசி சீசன் 2005-06. விடைபெறும் சீசன் என்பதால், 1913இல் அணிந்த நிறம் இதுதான் என்று சொல்லி ரெட்கரண்ட் என்ற இந்த அடர்சிவப்பைக் கிளப் கொண்டுவந்தது. வெள்ளைக் கை வந்ததெல்லாம் அதற்குப் பின்னால், ஹெர்பர்ட் சாப்மன் மேனேஜராக இருந்தபோது, 1933இல். ஆக, நான் அன்று 'இது ஆர்சனல் நிறமே இல்லை' என்று கத்தியது தப்பு, என் வயசுக்கு முந்தைய ஆர்சனல் ஒன்று இருந்திருக்கிறது, அவ்வளவுதான். இது புரிய எனக்குப் பல வருஷம் ஆனது.

மறுபதிப்பில் இந்த நிறம் சரியாக வந்திருக்கிறது. உண்மையில் நான் பயந்தது இதற்குத்தான். இந்த நிறத்தைத் தவறவிடுவது மிகச் சுலபம்: கொஞ்சம் நீலம் கூடினால் ஊதாவாகிவிடும், கொஞ்சம் பழுப்பு கூடினால் பள்ளிச் சீருடை மாதிரி ஆகிவிடும். விற்பனைப் பக்கத்துப் படங்களை நம்பவே முடியாது, பிளாஷ் வெளிச்சத்தில் எல்லாமே தக்காளிச் சிவப்பாகத் தெரியும். பெட்டியைப் பிரித்ததும் ஜன்னல் பக்கம் எடுத்துப்போய்ப் பார்த்தேன். நிழலில் மெரூன், வெயிலில் சிவப்பு, அதே அது. பதினாலு வயசில் வெறுத்த நிறத்தைப் பார்த்து இப்படித் தொண்டை அடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. சரி, மேலே போவோம்.

முன்பக்கம் ஓ2 விளம்பர எழுத்து தங்க நிறத்தில். தொட்டுப் பார்த்தால் ரப்பர் ஒட்டின மாதிரி இருக்கிறது, கொஞ்சம் தடிமன், வியர்த்தால் நெஞ்சில் ஒட்டும். துணி பாலியெஸ்டர்தான், எடை கொஞ்சம் அதிகம். ஓடியாட வாங்குவதாக இருந்தால் வேண்டாம், மேட்ச் பார்க்கப் போட்டுக்கொண்டு உட்காரத்தான் இது.

அடுத்ததுதான் பெரிய விஷயம், முதுகு.

விற்பனைப் பக்கத்தில் பெயர் அச்சடிக்க இரண்டே தேர்வுதான் கொடுத்திருந்தார்கள். ஹென்றி 14, பெர்க்காம்ப் 10. வேறு யாராவது வேண்டுமென்றால் தனியாக எழுதி அனுப்ப வேண்டும், கூடுதல் நாள் ஆகும், 'தனிப்பயன் அச்சு திரும்பப் பெறப்படமாட்டாது' என்று சின்ன எழுத்தில் ஒரு மிரட்டல் வேறு. அவர்களையும் குறை சொல்ல முடியாது. இந்த ஜெர்சி என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது 2006 மே 7, விகன் அணியுடன் ஹைபரியில் கடைசி மேட்ச், 4-2, ஹென்றி ஹாட்ரிக் அடித்துவிட்டு மண்டியிட்டுப் புல்லை முத்தமிட்ட காட்சி. 228 கோல் அடித்த ஆள். சிலையே வைத்திருக்கிறார்கள். பெர்க்காம்புக்கும் சிலை இருக்கிறது. அந்த சீசனில் அவருக்கென்றே ஒரு நாள் ஒதுக்கி, ரசிகர்கள் ஆரஞ்சு நிறத்தில் வந்து நிரம்ப, கடைசி நிமிடங்களில் அவரே ஒரு கோலும் போட்டுவிட்டுப் போனார். இவர்கள் எல்லோருடைய ஹீரோக்கள். பேரைச் சொன்னாலே விற்கும்.

ஆனால் அந்த விகன் மேட்ச்சில் முதல் கோல் அடித்தது யார் என்று கேட்டுப் பாருங்கள். ராபர்ட் பீரெஸ். என் ஆள். நம்பர் 7.

எங்கள் வகுப்பில் ஆர்சனல் பிடித்தவர்கள் நாலு பேர். மூன்று பேருக்கு ஹென்றி. விளையாடும்போது யார் ஹென்றி என்பதற்கு அடிதடியே நடக்கும், பீரெஸுக்குப் போட்டியே கிடையாது, அதனால் நான் எப்போதுமே பீரெஸ். முதலில் வேறு வழியில்லாமல் ஆனதுதான் என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன். அப்புறம் 2002 மார்ச்சில் ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக அந்த கோலைப் பார்த்தேன். நீளமாக வந்த பந்தை எடுத்து, ஓடிவந்த எதிரணி ஆளின் தலைக்கு மேலே தூக்கிப் போட்டு, அது தரையில் ஒருமுறை குதித்ததும் அப்படியே கோல்கீப்பர் பீட்டர் ஷ்மைக்கேலின் தலைக்கு மேலேயும் இன்னொரு லாப். ஷ்மைக்கேல் மாதிரி ஒரு மலையை இப்படி ஏமாற்றலாம் என்றே எனக்கு அதுவரை தெரியாது. அதற்கப்புறம் விட்டுக்கொடுத்துப் பீரெஸாக இருக்கவில்லை, கேட்டு வாங்கி இருந்தேன்.

ஓடும் விதமே தனி. இரண்டு பாதமும் வெளிப்பக்கம் பார்க்க, கொஞ்சம் வாத்து மாதிரி. அழகான ஓட்டம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் இடதுபக்கத்திலிருந்து உள்ளே திரும்பி வலது காலால் தூர மூலைக்குப் பந்தைச் சுருட்டி வைப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு அவசரமும் இருக்காது, கடிதத்தைப் பெட்டியில் போடுகிற மாதிரிதான் போடுவார். மொத்தம் 284 ஆட்டம், 84 கோல். ஓரத்தில் ஆடும் ஒரு விங்கருக்கு இது சாதாரணக் கணக்கு இல்லை. அந்த வில்லா கோல் அடித்து ஒரு வாரத்துக்குள் முழங்கால் லிகமென்ட் கிழிந்து சீசன் முடிந்தது. இருந்தும் இங்கிலாந்தில் கால்பந்து எழுதும் நிருபர்கள் அந்த ஆண்டின் சிறந்த வீரராக அவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். மே மாதம் ஹைபரியில் கோப்பை வாங்கும்போது காலை இழுத்துக்கொண்டு வந்தவருக்கு முன்னால் மொத்த அணியும் குனிந்து கும்பிடு போட்டது. ஹென்றி, வியெரா எல்லோரும். ஹென்றி கும்பிட்ட ஆள் என் ஆள் என்று நான் வகுப்பில் எத்தனை நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன் என்பதை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

எல்லாமே பெருமையாகச் சொல்ல முடியாது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு ஆட்டம்கூடத் தோற்காத அந்த 2003-04 சீசனில், செப்டம்பரில் போர்ட்ஸ்மவுத்துடன் ஒரு பெனால்டி வாங்கினார். தொடாத காலில் தடுக்கி விழுந்தார் என்று எதிரணி ரசிகர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். 1-1. அந்தப் பெனால்டி இல்லையென்றால் 26 வெற்றி, 12 டிரா, 0 தோல்வி என்ற கணக்கு அன்றைக்கே முடிந்திருக்கலாம். நான் அன்று அது பெனால்டிதான் என்று சத்தியம் செய்தேன். இப்போது வீடியோவைப் பார்த்தால், ம்ம், சரி, விடுங்கள்.

அப்புறம் இந்த ஜெர்சி போட்டு நடந்த அந்தக் கூத்து. 2005 அக்டோபர் 22, ஹைபரி, மான்செஸ்டர் சிட்டி. ஏற்கெனவே ஒரு பெனால்டியைப் பீரெஸ் கோலாக்கியிருந்தார். இன்னொரு பெனால்டி கிடைத்தது. 1982இல் அயாக்ஸுக்காக யோஹான் க்ரைஃப் செய்த மாதிரி, நேரே அடிக்காமல் பந்தை லேசாகத் தள்ளிவிட, பின்னால் ஓடிவரும் ஹென்றி அடிப்பதாகத் திட்டம். பீரெஸ் ஓடிவந்தார், கால் பந்தின் மேல் உரசியது, பந்து அசைந்ததா இல்லையா என்றே தெரியவில்லை, ஹென்றி அப்படியே நின்றுவிட்டார், எதிரணி ஆட்கள் வந்து பந்தை அடித்துத் துரத்தினார்கள், நடுவர் எதிரணிக்கு ஃப்ரீ கிக் கொடுத்தார். முதல் பெனால்டி புண்ணியத்தில் 1-0 என்று ஜெயித்ததால் தப்பித்தார்கள். திங்கட்கிழமை பள்ளியில் நான் பட்ட பாடு சொல்லி மாளாது, பெஞ்சில் இருந்த ரப்பரைக்கூட விடாமல் அந்தப் பெனால்டி மாதிரியே உரசிக் காட்டினார்கள். ஆனால் இந்த ஜெர்சியைக் கையில் எடுத்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது வில்லா கோல் இல்லை (அதற்கு ஜெர்சியே வேறு), இந்தக் கோமாளித்தனம்தான், தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

அதனால் தனிப்பயன் அச்சு, பீரெஸ், 7 என்று எழுதி அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து வந்தது. பிரித்துப் பார்த்தால் முதுகில் 'பியர்ஸ்'. ஆங்கில எழுத்தில் ஆர்-ம் ஈ-யும் இடம் மாறிவிட்டன. எனக்குக் கோபம் வரவேண்டும், வந்தது, ஆனால் கூடவே ஒரு வருத்தம். இதை அச்சடித்தவருக்கு அந்தப் பெயர் வெறும் ஐந்து எழுத்து. ஹென்றி என்றால் இப்படித் தப்பாகுமா? படம் எடுத்து அனுப்பினேன். முதலில் 'தனிப்பயன் அச்சு திரும்பப் பெறப்படமாட்டாது' என்று தானியங்கிப் பதில் வந்தது. நான் அனுப்பிய ஆர்டரில் எழுத்து சரியாக இருப்பதைக் காட்டி மறுபடி எழுதினதும் ஒரு மனிதர் பதில் போட்டார், மன்னிப்புக் கேட்டார், மாற்றி அனுப்பினார். ஆர்டர் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இதுதான் என் முதல் அறிவுரை.

இரண்டாவது வந்ததில் எழுத்து வரிசை சரி. எழுத்தின் தரம்தான் சுமார். 1997இலிருந்து 2007வரை பிரீமியர் லீக்கில் எல்லா அணிக்கும் ஒரே எழுத்துரு, அதைத் தடவினால் வெல்வெட் மாதிரி மெத்தென்று இருக்கும், எண்ணின் அடியில் சின்னதாக லீக்கின் சிங்க முத்திரை இருக்கும். மறுபதிப்பில் எழுத்துரு கிட்டத்தட்ட அதேதான், ஆனால் வழவழ பிளாஸ்டிக், சிங்கம் இல்லை. தங்க நிறமும் பழைய ஜெர்சியில் இருந்த மங்கலான தங்கம் இல்லை, பரிசுக்கோப்பைக் கடையில் இருக்கிற பளபளப்பு. பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும். டிவி தூரத்தில் இருந்து பார்த்தால் தெரியாது, எனக்குப் பீரெஸைத் தெரிந்ததே டிவி தூரத்தில்தான் என்பதால் பொறுத்துக்கொண்டேன்.

போட்டோ எடுத்து எங்கள் ரசிகர் குழுவில் போட்டேன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்த ஒரு அண்ணன் இருக்கிறார், அவர் ஒரு வரிதான் எழுதினார்: "நல்லா இருக்கு தம்பி, ஆனா ஏழுன்னா எனக்கு ராக்கிதான்."

டேவிட் ராக்காசில், ஆர்சனலின் பழைய நம்பர் 7. நான் அவர் ஆடிப் பார்த்ததே இல்லை. 1987இல் டாட்டன்ஹாம் மைதானத்தில் லீக் கப் அரையிறுதியின் கடைசியில் அவர் அடித்த கோலைப் பற்றி அந்த அண்ணன் எழுத ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். 1989இலும் 1991இலும் லீக் ஜெயித்த அணி, அதில் ராக்கி, பிறகு 1992இல் லீட்ஸுக்கு விற்றுவிட்டார்கள். புற்றுநோய் வந்து 2001 மார்ச் 31 அன்று இறந்தபோது வயது 33. அன்றைக்கே ஹைபரியில் டாட்டன்ஹாமுடன் ஆட்டம். ஆர்சனல் 2-0. முதல் கோல் அடித்தது அன்றைய நம்பர் 7, பீரெஸ். இந்த விஷயத்தைப் பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன், அண்ணனுக்கோ அது கண்ணால் பார்த்த நாள். அவருக்குப் பீரெஸ் என்றால் அந்த ஒரு கோல், எனக்கு ராக்கி என்றால் அந்த ஒரு நாள். ஹைபரியின் கடைசி சீசனில், 2006 ஏப்ரல் 1 அன்று, ராக்காசில் நாள் என்று கொண்டாடினார்கள், வில்லாவை 5-0 என்று நொறுக்கிய ஆட்டம், இதே ரெட்கரண்ட் ஜெர்சியில். ஆக அண்ணனும் இதை வாங்கலாம், ஆனால் ராக்காசில் இந்த ஜெர்சியைப் போட்டதே இல்லையே என்று அவர் தயங்குகிறார். போட்டால் என்ன அண்ணா என்று நான் எழுதினதற்கு இன்னும் பதில் இல்லை.

போன வாரம் அக்கா வீட்டுக்கு இதைப் போட்டுக்கொண்டு போனேன். அக்கா மகனுக்குப் பதினொரு வயது. பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, "மாமா, சாகா சட்டையில ஏன் வேற பேர் போட்டிருக்கு?" என்று கேட்டான். அவனுக்கு 7 என்றால் புகாயோ சாகா, ஆர்சனலின் ஹேல் எண்ட் அகாடமியிலிருந்து வந்த பையன். நான் பீரெஸின் கதையை ஆரம்பித்தேன், வில்லா கோல் வீடியோவைக் காட்டினேன். பார்த்தான். "நல்ல கோல்தான். ஏன் மாமா இவர் இப்படி ஓடறாரு?" என்றான். அந்த பெனால்டியையும் காட்டித் தொலைத்தேன், விழுந்து விழுந்து சிரித்தான், மூன்று தடவை போடச் சொன்னான். இப்போது அவனுக்குப் பீரெஸ் என்றால் அதுதான்.

அவனிடம் சொல்லாதது 2006 மே 17. பாரிஸில் சாம்பியன்ஸ் லீக் இறுதி, பார்சிலோனாவுடன். பீரெஸ் பிரான்ஸ்காரர், சொந்த நாட்டில் இறுதியாட்டம். 18வது நிமிடத்தில் கோல்கீப்பர் யென்ஸ் லேமனுக்குச் சிவப்பு அட்டை. மாற்று கோல்கீப்பர் உள்ளே வர யாராவது ஒருவர் வெளியே போக வேண்டும். பலகையில் எந்த எண் வந்தது என்று உங்களுக்கே தெரியும். அவர் முகத்தை ஆர்சனல் சட்டையில் நான் கடைசியாகப் பார்த்தது அப்படித்தான். 2-1 என்று தோற்றோம், அவர் வில்லாரியலுக்குப் போய்விட்டார், அதுவும் நாம் அரையிறுதியில் வென்ற அதே வில்லாரியல். மேனேஜர் வெங்கர் மேல் எனக்கு அந்தக் கோபம் ரொம்ப நாள் இருந்தது. நியாயம் பார்த்தால் பத்து பேரோடு ஆட வேண்டும் என்றால் அந்த இடத்தில் யாரானாலும் ஓடித் தடுக்கும் ஆளைத்தான் வைத்திருப்பார்கள். பதினாலு வயசுக்கு நியாயம் எதற்கு? 2009இல் வில்லாரியல் சட்டையில் அவர் புது மைதானத்துக்கு வந்து ஆடியபோது மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று கைதட்டியது, அப்போதுதான் கொஞ்சம் ஆறியது. அந்த இறுதியாட்டத்தில் ஆர்சனல் போட்டது மஞ்சள் ஜெர்சி. மஞ்சள் மறுபதிப்பும் அதே பக்கத்தில் விற்கிறார்கள், நான் தொடமாட்டேன்.

சரி, அளவு. 2005 வாக்கில் ஜெர்சிகள் தொளதொளவென்று இருக்கும். மறுபதிப்பை இன்றைய கணக்கில் உடம்போடு ஒட்டித் தைத்திருக்கிறார்கள். நான் வழக்கமாக எல், இதில் எக்ஸ்எல் வாங்கியும் வயிற்றுப் பக்கம் சரியாகத்தான் இருக்கிறது, தோள் மட்டும் கொஞ்சம் இறங்குகிறது. ஒரு அளவு கூட்டி வாங்குங்கள். கழுத்துப்பட்டை நன்றாக இருக்கிறது, நாலு துவையலுக்கும் வாய் பிளக்கவில்லை.

துவைப்பது: உள்பக்கம் வெளியே திருப்பி, குளிர்ந்த தண்ணீர், நிழலில் காயப்போடுங்கள், எழுத்தின் மேல் இஸ்திரிப் பெட்டி படவே கூடாது. இவ்வளவு பார்த்தும் மூன்றாவது துவையலில் பெயரின் கடைசி எழுத்து, அந்த எஸ், மேல் ஓரத்தில் லேசாக எழும்பிவிட்டது. மெல்லிய துணியை மேலே வைத்து மிதமான சூட்டில் அழுத்தினேன், உட்கார்ந்தது. எத்தனை நாளைக்கோ.

பழைய அசலே வாங்கலாமே என்று கேட்பவர்களுக்கு: பார்த்தேன். நல்ல நிலையில் இருப்பவை எல்லாம் ஹென்றி 14, அதையும் யாரும் விடுவதில்லை. மலிவாகக் கிடைப்பவற்றில் வெல்வெட் எழுத்து உரிந்து மொட்டையாக இருக்கும், ஓ2 வெடித்திருக்கும். போலியும் நிறைய, உள்லேபிளில் இருக்கும் பொருள் எண்ணைத் தேடிப் பார்த்து அதே சீசன், அதே ஜெர்சி வருகிறதா என்று சரிபார்க்காமல் காசைக் கொடுத்துவிடாதீர்கள். பெயர் இல்லாத அசல் ஒன்று கிடைத்தால் அதுதான் யோகம், ஆனால் அதில் இப்போது புதிதாகப் பெயர் ஒட்டினால் அது மறுபடி பாதி மறுபதிப்புதான்.

மதிப்பெண் கேட்டால், நிறத்துக்குப் பத்துக்கு ஒன்பது, துணிக்கு ஆறு, எழுத்துக்கு நாலு, அதுவும் இரண்டாவது தடவை வந்த சட்டைக்கு. முதலில் வந்த பியர்ஸ் சட்டையைத் திருப்பி அனுப்பியதில் இப்போது கொஞ்சம் வருத்தம்தான், அக்கா மகனுக்கு அது ரொம்பப் பிடித்திருக்கும்.